பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஆகன் போவது எப்படி? ரயில், டிக்கெட், பெட்டி

#1 கரிசல்காடு

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் சென்னையிலிருந்து நேர் விமானம், காலை 8 மணி வாக்கில் பிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறது. அங்கிருந்து நான் படிக்கப்போகும் ஜெர்மன் ஊரான ஆகன் போக வேண்டும். 23 கிலோ பெட்டி இரண்டு, கேபின் பெட்டி ஒன்று, முதுகில் லேப்டாப் பை. டாக்ஸி கட்டுப்படியாகாது.

மூன்று கேள்விகள். எந்த ஸ்டேஷனில் ஏற வேண்டும்? ரயில் ஆப்பில் 'பிராங்க்ஃபர்ட்' என்று அடித்தால் ஏழெட்டுப் பெயர் வருகிறது. டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடலாமா, 9.30-ஐ ஒட்டி ஒன்று மலிவாகக் காட்டுகிறதே? மாதம் 63 யூரோ டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்கினால் ஆகன் வரை அதிலேயே போய்விடலாம் என்கிறார்களே, சரியா?

#2 ரயில்பித்தன்

தம்பி, முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். டிக்கெட் விஷயம் தாமிரபரணி வந்து சொல்வார்.

பிராங்க்ஃபர்ட் விமானநிலையத்தில் ரயில் நிலையம் இரண்டு இருக்கிறது. டெர்மினல் 1-க்கு அடியில், நிலத்தடியில் இருப்பது ரெகியோனால்பான்ஹோஃப். பிளாட்பாரம் 1 முதல் 3 வரை. நம்மூர் மின்சார ரயில் போல ஓடும் எஸ்-பான் (எஸ்8, எஸ்9), மைன்ஸ் பக்கம் போகும் ஆர்.இ. என்ற வட்டார ரயில்கள் எல்லாம் இங்கே வரும். இன்னொன்று ஃபெர்ன்பான்ஹோஃப், தொலைதூர ரயில் நிலையம். 1999-இல் திறந்தது, பிளாட்பாரம் 4 முதல் 7 வரை. ஐசிஇ என்ற அதிவேக ரயில்கள் எல்லாம் இங்கேதான். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

ஆப்பில் புறப்படும் இடம் 'பிராங்க்ஃபர்ட் ஃப்ளூக்ஹாஃபன் ஃபெர்ன்பான்ஹோஃப்' என்று இருக்க வேண்டும். ஊர்ப்பெயரை மட்டும் பார்த்துத் தட்டினால் ஹவுப்ட்பான்ஹோஃப், அதாவது நகரின் சென்ட்ரல் ஸ்டேஷன், டிக்கெட்டில் ஏறிவிடும். அது எஸ்-பானில் பத்துப் பதினைந்து நிமிடத் தூரம், ஆகனுக்கு எதிர்த்திசையில். பட்டியலில் 'பிராங்க்ஃபர்ட் (ஓடர்)' என்றும் ஒன்று வரும். அது போலந்து எல்லையில் இருக்கும் வேறு ஊர், தொடவே வேண்டாம்.

நடை: சுங்கத்தின் பச்சை வழியே வெளியே வந்ததும் ரயில் படம் போட்ட பலகையில் 'ஃபெர்ன்பான்ஹோஃப்' என்ற சொல்லை மட்டும் தொடருங்கள். 'ரெகியோனால்' என்று கீழே இறக்கும் அம்பை விட்டுவிடுங்கள். சாலைக்கு மேலே மூடிய நடைபாலம் ஒன்று வரும். அதைத் தாண்டினால் பெரிய கண்ணாடிக் கட்டடம், அதன் அடியில் பிளாட்பாரம். பெட்டிகளோடு பத்துப் பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிளாட்பாரத்துக்கும் லிஃப்ட் உண்டு. எஸ்கலேட்டரில் இரண்டு பெரிய பெட்டியோடு ஏறாதீர்கள், ஒன்று நழுவினால் கீழே நிற்பவருக்கு அடிபடும்.

உங்கள் விமானம் டெர்மினல் 1. வேறு டெர்மினலில் இறங்குபவர்கள் முதலில் ஸ்கைலைன் ரயிலிலோ இலவசப் பேருந்திலோ டெர்மினல் 1 வந்துவிட்டு இதே வழியைப் பிடிக்க வேண்டும். அதற்கு அரை மணி கூடுதல்.

#3 தாமிரபரணி

9.30 டிக்கெட்டை எடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஜெர்மன் ரயில்வேயில் ஒரே சீட்டுக்கு மூன்று விதமான விலை. மலிவானது சூப்பர் ஷ்பார்ப்ரைஸ்: குறிப்பிட்ட ரயிலோடு கட்டிப்போட்ட டிக்கெட், ரத்து செய்தால் காசு திரும்பாது. நடுவில் ஷ்பார்ப்ரைஸ்: அதுவும் ரயிலோடு கட்டியதுதான், ஆனால் பயண நாளுக்கு முன் ரத்து செய்தால் கட்டணம் பிடித்துக்கொண்டு மிச்சம் தருவார்கள். மேலே ஃப்ளெக்ஸ்ப்ரைஸ்: அந்தத் தேதியில் அந்த வழியில் எந்த ரயிலிலும் ஏறலாம், விலை மலிவு டிக்கெட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு வரும்.

இந்தக் கட்டுக்கு 'ட்ஸூக்பிண்டுங்' என்று பெயர். ரயில் தாமதமானால் கட்டு அவிழும். விமானம் தாமதமானால் அவிழாது. பலரும் சறுக்குவது இங்கேதான். விமானம் ஒரு மணி நேரம் பிந்தி வந்தது, பாஸ்போர்ட் வரிசை நீண்டது, பெட்டி வர நேரமானது என்று எதைச் சொன்னாலும் ரயில் பரிசோதகருக்குச் சம்பந்தமில்லை. வேறு ரயிலில் ஏறினால் செல்லாத டிக்கெட், புது டிக்கெட் காசு கட்ட வேண்டும்.

8 மணிக்குச் சக்கரம் தரையைத் தொட்டால் விமானத்தை விட்டு வெளியேற 8.20. பாஸ்போர்ட் சோதனையில் ஐரோப்பியர் அல்லாதோர் வரிசை, காலையில் பல நாட்டு விமானங்கள் ஒன்றாக இறங்கும் நேரம், முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை போகும். பிறகு பெட்டி, பிறகு நடை. 9.30 ரயில் அமைந்தால் அதிர்ஷ்டம், அவ்வளவுதான். அனுமதிக் கடிதம், பிளாக்டு அக்கவுன்ட் (செலவுக்கு முன்கூட்டியே பணம் போட்டுவைத்த வங்கிக் கணக்கு) தாள், இன்ஷூரன்ஸ் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். கேட்டால் அங்கேயே காட்டலாம், வரிசையில் பெட்டியைத் திறக்க முடியாது.

#4 ஊர்க்குருவி

தாமிரபரணி அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் அதைப் படித்துவிட்டு ஃப்ளெக்ஸ்ப்ரைஸ் எடுத்துவிடாதீர்கள். மாணவனுக்கு அது பெரிய காசு. மூன்றரை, நான்கு மணி நேரம் இடைவெளி விட்டு, 11.30-க்கோ 12-க்கோ கிளம்பும் ரயிலுக்கு சூப்பர் ஷ்பார்ப்ரைஸ் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் முன்பே எடுத்தால் நல்ல விலை கிடைக்கும். சீக்கிரம் வெளியே வந்துவிட்டால் உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டியதுதான். விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானால் டிக்கெட் போகும், ஆனால் அது எப்போதாவது நடப்பது.

#5 தாமிரபரணி

அப்படியும் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஷ்பார்ப்ரைஸ் ரயில் கிளம்பும் நேரம் வரைகூட விற்கும், ஒதுக்கீடு மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவே. அதனால் ஊரில் எதையும் வாங்காமல் வாருங்கள். பெட்டி இரண்டும் கைக்கு வந்த பிறகு, பெல்ட் பக்கத்தில் நின்றபடியே ஆப்பைத் திறந்து, அடுத்த 40 நிமிடத்துக்கு அப்பால் கிளம்பும் ரயில்களைப் பாருங்கள். வாரநாள் முற்பகலில் அன்றைக்கே எடுத்தாலும் ஃப்ளெக்ஸ்ப்ரைஸைவிடக் குறைவாக ஒன்றிரண்டு இருக்கும். ஒன்றுமே இல்லை என்றாலும் ஃப்ளெக்ஸ்ப்ரைஸ் தீர்ந்துபோகாது.

எந்தக் கிழமை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி மதியத்துக்கு மேல், ஞாயிறு மாலை இரண்டும் கூட்டம், விலையும் கூடும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை, அதையொட்டிய நாள்களும் அப்படியே. செவ்வாய், புதன் காலை என்றால் நான் சொன்ன வழி. வெள்ளி, ஞாயிறு என்றால் ஊர்க்குருவி சொன்ன வழி.

இன்னும் விமான டிக்கெட் எடுக்காதவர்களுக்கு: சில விமான நிறுவனங்கள் ரயிலையும் சேர்த்தே விற்கும். 'ரயில் அண்ட் ஃப்ளை' என்றால் ரயிலோடு கட்டு கிடையாது, விமானம் எப்போது வந்தாலும் அடுத்த ரயிலில் ஏறலாம். லுஃப்தான்சாவின் 'எக்ஸ்பிரஸ் ரயில்' என்றால் ரயிலுக்கே விமான எண் போட்டிருக்கும், விமானம் தாமதமானால் அவர்களே அடுத்த ரயிலுக்கு மாற்றித் தர வேண்டும். விமானத் தேடல் தளத்தில் 'க்யூகேஎல்' என்ற விமானநிலையக் குறியீடு கண்டால் குழம்பாதீர்கள், அது கொலோன் ரயில் நிலையம்தான். 'இஸட்டபிள்யூஎஸ்' என்றால் ஷ்டுட்கார்ட் ரயில் நிலையம்.

#6 கரிசல்காடு

பெரிய உதவி, நன்றி. பெல்ட் பக்கத்தில் நின்று வாங்கினால் என்னிடம் இருப்பது ஃபாரெக்ஸ் கார்டு. ஓடிபி இந்திய நம்பருக்குத்தானே வரும்? டாய்ச்லாண்ட் டிக்கெட் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

#7 வெண்கலம்

ஓடிபி நியாயமான கவலை. இந்திய சிம்மை எடுத்துவிடாதீர்கள், ரோமிங்கில் எஸ்எம்எஸ் வரும்படி கிளம்புமுன்னே செய்துவையுங்கள். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் ஆப்பை ஊரிலேயே பதிவிறக்கி, கணக்கு தொடங்கி, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளிலேயே பெயர் போட்டு, கார்டையும் ஏற்றிவைத்துவிடுங்கள். விமானநிலைய வைஃபை இலவசம். கார்டு மக்கர் செய்தால் ரயில் நிலையத்தில் சிவப்பு டிக்கெட் இயந்திரம் இருக்கிறது. பணமும் எடுக்கும், கார்டும் எடுக்கும், திரையில் ஆங்கிலம் தேர்ந்தெடுக்கலாம். ரைஸசென்ட்ரும் என்ற கவுன்டரும் உண்டு, ஆனால் வரிசை நிற்கும்.

டாய்ச்லாண்ட் டிக்கெட்: இது உள்ளூர், வட்டார வண்டிகளுக்கு மட்டும். எஸ்-பான், ஆர்.பி., ஆர்.இ., டிராம், டவுன் பஸ் எல்லாம் ஓடும். ஐசிஇ, ஐசி, இசி என்ற தொலைதூர ரயில்கள் மூன்றிலும் செல்லாது. அதை வைத்து ஆகன் போக முடியுமா என்றால் முடியும்: ரெகியோனால்பான்ஹோஃபில் ஏறி மைன்ஸ் வழியாக கோப்ளென்ஸ், அங்கிருந்து ஆர்.இ. 5-இல் கொலோன், அங்கிருந்து ஆர்.இ. 1-இலோ ஆர்.இ. 9-இலோ ஆகன். எல்லாம் சரியாகப் பிடித்தாலும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம், குறைந்தது இரண்டு மாற்றம். ரைன் நதி ஓரமாகப் போகும் அழகான வழிதான், ஆனால் இரவு முழுக்க விமானத்தில் இருந்துவிட்டு 46 கிலோவோடு செய்கிற வேலை இல்லை. ஐசிஇ-யில் போனால் மாற்றத்தோடு சேர்த்தே இரண்டேகால் மணிக்குள் முடியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இது காலண்டர் மாதச் சந்தா. செப்டம்பர் 26-இல் வாங்கினால் நான்கைந்து நாளுக்கு முழு மாதக் காசு போகும். அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதமும் தானாகப் பிடிப்பார்கள். 26-இல் வாங்குபவருக்கு அந்த 10 எப்போதோ போய்விட்டது. சில விற்பனையாளர்கள் ஐரோப்பிய வங்கிக் கணக்கு கேட்பார்கள், வந்த அன்று உங்களிடம் அது இருக்காது. உங்கள் பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் டிக்கெட்டே பெரும்பாலும் நாடு முழுக்கச் செல்லும் இதே டிக்கெட்டின் மாணவர் வடிவம். குளிர்கால செமஸ்டர் பல்கலைக்கழகத்தில் அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அதற்கு முன்னால் கிடைத்த தாளைக் காட்டி ஏறினால் செல்லாது, அபராதம் 60 யூரோ. 'மாணவன், புதிதாக வந்தேன்' என்றால் விடமாட்டார்கள்.

#8 ரயில்பித்தன்

இப்போது வழி. விமானநிலையத்திலிருந்து கொலோனுக்கு 2002-இல் திறந்த அதிவேகப் பாதை, 300 கி.மீ. வேகம், ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தப் பாதையில் ஏற்றம் 4 விழுக்காடு வரை இருப்பதால் ஐசிஇ 3 குடும்பத்து ரயில்கள்தான் ஏறும். மற்ற ஐசி, பழைய ஐசிஇ எல்லாம் மைன்ஸ், கோப்ளென்ஸ், பான் என்று நதி ஓரமாகச் சுற்றும், நேரம் இரண்டு மடங்குக்கு மேல். மலிவாகக் காட்டும் டிக்கெட் இந்தச் சுற்றுவழியாக இருக்கலாம், பயண நேரத்தைப் பார்த்து எடுங்கள்.

ஆகனுக்கு நேராகப் போகும் ஐசிஇ உண்டு. பிராங்க்ஃபர்ட்டிலிருந்து பிரஸ்ஸல்ஸ் போகும் ரயில், ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒன்று. விமானநிலையத்தில் ஏறி ஆகனில் இறங்கலாம், மாற்றமே இல்லை. பெட்டி இரண்டு இருப்பவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. நேரம் அமையாவிட்டால் கொலோனில் மாறுங்கள்.

கொலோனில் ஒரு கண்ணி இருக்கிறது. அதிவேகப் பாதையில் வரும் ஐசிஇ எல்லாம் கொலோன் ஹவுப்ட்பான்ஹோஃபுக்குப் போவதில்லை. சில, நதிக்கு இக்கரையில் 'கொலோன் மெஸ்ஸே டாய்ட்ஸ்' நிலையத்தில் மட்டும் நின்றுவிட்டு ட்யூஸல்டார்ஃப் பக்கம் போய்விடும். அங்கே பிளாட்பாரம் 11, 12 கீழ்த்தளத்தில், மற்றவை மேல்தளத்தில். டாய்ட்ஸில் இறக்கிவிட்டால் பதற வேண்டாம், ஆர்.இ. 1, ஆர்.இ. 9 இரண்டும் மேல்தளத்திலேயே நின்று ஆகன் போகும். ஹவுப்ட்பான்ஹோஃப் போய் மாற வேண்டியதில்லை. ஆனால் உங்கள் டிக்கெட்டில் எந்த நிலையம் போட்டிருக்கிறது என்று ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதே பார்த்துவையுங்கள். ஹவுப்ட்பான்ஹோஃப் என்றிருந்தால் டாய்ட்ஸில் கதவு திறக்கும்போது எழுந்து இறங்கிவிடக் கூடாது. ஆற்றைத் தாண்டினால் அடுத்ததுதான் நீங்கள் இறங்குமிடம்.

ஹவுப்ட்பான்ஹோஃபில் ஆகன் பக்கம் போகும் சிவப்பு ரயில் ஒன்றும் வரும், யூரோஸ்டார். அது வேறு நிறுவனம், வேறு டிக்கெட். 'ஆகன்' என்று பலகையில் கண்டதும் ஏறிவிடாதீர்கள்.

#9 முல்லைத்தேர்

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். எனக்கு எஃப்ஹெச் ஆகனில் (செயல்முறை அறிவியல் பல்கலைக்கழகம்) இடம், ஆனால் வளாகம் யூலிஷ் என்று போட்டிருக்கிறது. ஆகன் போய்விட்டு அங்கிருந்து போக வேண்டுமா?

#10 வெண்கலம்

வேண்டாம் தங்கச்சி, அது தாண்டிப்போய்த் திரும்பி வருவது. கொலோனுக்கும் ஆகனுக்கும் நடுவே ட்யூரன் என்ற ஊர். கொலோனில் ஆர்.இ. 1 அல்லது ஆர்.இ. 9 ஏறி ட்யூரனில் இறங்கி, ஆர்.பி. 21 என்ற சின்ன ரயிலில் யூலிஷ். கடைசித் துண்டு அரை மணிக்குள்தான். டிக்கெட் எடுக்கும்போது சேருமிடத்தை 'யூலிஷ்' என்றே போடுங்கள், ஒரே டிக்கெட்டாக வரும். பிரஸ்ஸல்ஸ் ஐசிஇ ட்யூரனில் நிற்காது, அதனால் உங்களுக்குக் கொலோனில் மாற்றம் கட்டாயம்.

எஃப்ஹெச்-களில் குளிர்கால செமஸ்டர் செப்டம்பர் 1-இலேயே தொடங்கும். உங்கள் செமஸ்டர் டிக்கெட் கைக்கு வந்துவிட்டால் கொலோனிலிருந்து அதுவே போதும். ஆனால் சேர்க்கை முடிந்து டிக்கெட் ஆப்பில் திறந்த பிறகுதான், சேர்க்கைக் கடிதம் டிக்கெட் ஆகாது.

#11 தாமிரபரணி

டிக்கெட்டை ஒன்றாக எடுப்பதா, துண்டாக எடுப்பதா என்று அடுத்து கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். விமானநிலையத்திலிருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட். அதற்குள் வரும் ஆர்.இ. துண்டுக்கு ரயில் கட்டு கிடையாது, கட்டு ஐசிஇ-க்கு மட்டும்தான். கொலோனில் காட்டிய ஆர்.இ. போய்விட்டால் அடுத்ததில் ஏறலாம்.

துண்டாக வாங்கினால் எங்கே உடையும் என்று பாருங்கள். சிலர் மலிவாக இருக்கிறது என்று பிராங்க்ஃபர்ட் ஹவுப்ட்பான்ஹோஃபிலிருந்து ஷ்பார்ப்ரைஸ் எடுத்துவிட்டு, அங்கு வரை எஸ்-பானுக்குத் தனி டிக்கெட் எடுப்பார்கள். எஸ்-பான் நின்றுபோய் ஐசிஇ தவறினால், இரண்டும் தனித்தனி ஒப்பந்தம் என்பதால் ஐசிஇ டிக்கெட்டின் கட்டு அவிழாது. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அவிழ்ந்திருக்கும். டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் வந்து ஐசிஇ மாறுவதற்கும் இதே கதி.

விதி இதுதான்: சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலே கட்டு அவிழ்ந்துவிடும். அடுத்து வரும் எந்த ஐசிஇ-யிலும் ஏறலாம், யாரிடமும் முத்திரை வாங்க வேண்டியதில்லை. ஆப்பில் தாமதம் காட்டும் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்டால் காட்ட. கடைசியில் 60 நிமிடம் பிந்திச் சேர்ந்தால் டிக்கெட் விலையில் 25 விழுக்காடு, 120 நிமிடம் பிந்தினால் 50 விழுக்காடு திரும்பக் கேட்கலாம். ஆப்பில் அந்த டிக்கெட்டுக்குள்ளேயே விண்ணப்பம் இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். பலர் கணக்குத் தொடங்கிய பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டு மறந்துபோகிறார்கள்.

#12 ஊர்க்குருவி

பிளாட்பாரத்தில் நிற்கும்போது பார்க்க வேண்டியதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ரயில் அங்கே இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும்.

தலைக்கு மேல் தொங்கும் நீலப் பலகையில் ரயில் எண், ஊர், அதன் கீழே நிற்கும் ஊர்கள். ஒரு வெள்ளைப் பட்டையில் எழுத்து ஓடினால் அதை விடாமல் படியுங்கள். ஜெர்மனில் மூன்று தொடர் தெரிந்தால் போதும். 'ஃபெல்ட் ஔஸ்' என்றால் ரயில் ரத்து. 'ஹாய்ட்டெ ஃபான் க்ளைஸ்' என்று எண் வந்தால் இன்று வேறு பிளாட்பாரம். 'உம்கெகேர்ட்டெ வாகன்ரையுங்' என்றால் கோச் வரிசை தலைகீழ், அதாவது முன்னால் வரும் என்று காத்திருந்த கோச் பின்னால் வரும்.

பிளாட்பாரம் நீளத்துக்கு ஏ, பி, சி என்று எழுத்துகள் தொங்கும். உங்கள் கோச் எந்த எழுத்துக்கு நேரே வரும் என்று ஆப்பில் படமாகவே இருக்கிறது. அந்த எழுத்துக்குக் கீழே முன்பே போய் நில்லுங்கள். ஐசிஇ சில நேரம் இரண்டு ரயிலைக் கோத்து ஓட்டுவார்கள், நடுவில் உள்ளே கடந்துபோக வழி இருக்காது, இரண்டு பாதியும் வெவ்வேறு ஊருக்குப் பிரியலாம். கதவுக்குப் பக்கத்தில் கோச் எண்ணும் ஊரும் ஒளிரும், அதைப் பார்த்து ஏறுங்கள். எண் தவறினாலும் பாதகமில்லை, பாதி தவறக் கூடாது.

பெட்டி: கோச்சின் வாசல் பக்கமும் நடுவிலும் அடுக்கு இருக்கும், சீக்கிரம் நிறைந்துவிடும். முதுகோடு முதுகு ஒட்டிய சீட்டுகளுக்கு நடுவே ஒரு முக்கோண இடைவெளி இருக்கும், பெரிய பெட்டி ஒன்று அதில் நிற்கும். கேபின் பெட்டி தலைக்கு மேல். வழியில் வைத்தால் நகர்த்தச் சொல்வார்கள். சீட் முன்பதிவு தனி, இரண்டாம் வகுப்பில் சுமார் ஐந்தரை யூரோ. கட்டாயமில்லை, ஆனால் பெரிய பெட்டியோடு வரும் அன்று போட்டுவிடுங்கள், அடுக்குக்குப் பக்கத்துச் சீட்டாக. முன்பதிவு இல்லாமல் உட்கார்ந்தால் சீட்டுக்கு மேல் உள்ள சிறு திரையைப் பாருங்கள். இரண்டு ஊர்ப்பெயர் இருந்தால் அந்தத் தூரத்துக்கு அது வேறொருவருடையது.

#13 சோழமண்டலம்

பஸ்ஸில் போனால் என்ன? ஃப்ளிக்ஸ்பஸ் மலிவாக இருக்கிறதே. எனக்குப் போக வேண்டியது கிழக்கு ஜெர்மனிப் பக்கம் உள்ள கெம்னிட்ஸ்.

#14 ரயில்பித்தன்

பஸ் மலிவுதான், ஆனால் சுமையைப் பாருங்கள். அடிவயிற்றில் ஒரு பெட்டி, 20 கிலோ வரை, கையில் 7 கிலோ வரை. விமானத்தில் அனுமதித்த 23 கிலோ பெட்டியே அங்கே அதிகம், இரண்டாவது பெட்டிக்கு முன்பே கூடுதல் காசு கட்டிப் பதிய வேண்டும், இடம் இருந்தால்தான். விமானம் தாமதமானால் பஸ்ஸும் போச்சு.

கெம்னிட்ஸுக்கு: ட்ரெஸ்டன் போகும் ஐசிஇ விமானநிலையத்திலேயே நிற்கும். எர்ஃபுர்ட் தாண்டி லைப்ஸிகில் இறங்கி, ஆர்.இ. 6-இல் ஒரு மணி நேரம். டிக்கெட் கெம்னிட்ஸ் வரை ஒன்றாக எடுங்கள், தாமிரபரணி சொன்ன அதே காரணம். இரவு 9, 10 மணிக்கு இறங்கும் விமானம் என்றால் அன்றே போக நினைக்காதீர்கள். அந்நேரத்துக்கு மேல் தொலைதூர ரயில் அரிது, லைப்ஸிகில் கடைசி ஆர்.இ. போயிருந்தால் விடியும்வரை பிளாட்பாரம்தான்.

#15 கரிசல்காடு

எல்லாவற்றையும் சேர்த்து எழுதிவைத்துக்கொண்டேன். புதன்கிழமை இறங்குகிறேன். முன்பே டிக்கெட் எடுக்கவில்லை. பெட்டி வந்த பிறகு ஆப்பில் ஃப்ளூக்ஹாஃபன் ஃபெர்ன்பான்ஹோஃபிலிருந்து ஆகன் ஹவுப்ட்பான்ஹோஃப் வரை ஒரே டிக்கெட், பிரஸ்ஸல்ஸ் ரயில் இருந்தால் அது, இல்லையென்றால் கொலோனில் மாற்றம். சீட் முன்பதிவு. சரிதானா?

#16 தாமிரபரணி

சரி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆப்பில் மாறும் நேரத்தைக் குறைந்தது இவ்வளவு என்று அமைக்கும் இடம் இருக்கிறது, அதை 20 நிமிடம் என்று வைத்துவிடுங்கள். இல்லையென்றால் கொலோனில் 7, 8 நிமிட மாற்றத்தையும் தாராளமாகக் காட்டும். லிஃப்ட்டுக்கு நிற்கவே அந்த நேரம் போகும்.

#17 ரயில்பித்தன்

பிரஸ்ஸல்ஸ் ரயிலில் ஏறினாலும் ஆப்பை இடையிடையே பாருங்கள். சில நாள் அதைக் கொலோனோடு நிறுத்திவிடுவார்கள். அறிவிப்பு ஜெர்மனில் முதலில் வரும், ஆங்கிலம் பின்னால். நிறுத்திவிட்டால் அங்கேயே இறங்கி அடுத்த ஆர்.இ. 1-இலோ ஆர்.இ. 9-இலோ ஏறுங்கள், டிக்கெட் செல்லும்.

ஆர்.இ.-யில் வந்தால் ஆகனுக்கு முந்திய நிறுத்தம் 'ஆகன் ரோட்டெ எர்டெ'. பெயரில் ஆகன் இருக்கிறதே என்று அங்கே இறங்காதீர்கள், கடைசி நிறுத்தம்தான் ஹவுப்ட்பான்ஹோஃப். அங்கிருந்து ஹாஸ்டலுக்கு டவுன் பஸ். விடுதியின் முகவரிக்கு எந்த நிறுத்தம் என்று கிளம்புமுன்னே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், சிலருக்கு ஹவுப்ட்பான்ஹோஃபைவிட ஆகன் வெஸ்ட் நிலையம் பக்கம். ஆனால் கொலோனிலிருந்து வரும் ஆர்.இ. 1 ஆகன் வெஸ்ட் போகாது. ஹவுப்ட்பான்ஹோஃபில் மாறி இரண்டு நிறுத்தம் போக வேண்டும், ஷான்ஸ், அடுத்து வெஸ்ட்.

#18 வெண்கலம்

இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இறங்குபவர்களுக்கு ஒரு வரி: ஊருக்குள் கடை எல்லாம் பூட்டியிருக்கும். விமானநிலையத்துக்குள் உள்ள சூப்பர்மார்க்கெட் ஞாயிறும் திறந்திருக்கும். அரிசி, பால், ரொட்டி, தண்ணீர் அங்கேயே வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள், திங்கள் காலைவரை தாங்கும்.